பழைய கேமிங் கம்ப்யூட்டரை மொத்தமாக மாற்றச் சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"இது பழைய செட் சார், இதுல ஒண்ணும் பண்ண முடியாது, மொத்தமா மாத்திடுங்க." கம்ப்யூட்டர் கடையில் இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வாடிய முகத்தோடு வீடு திரும்பிய குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே பல. பிள்ளை கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர் திணறுகிறது, கையில் பதினைந்தோ இருபதாயிரமோ இருக்கிறது, அதற்குள் எதையாவது மாற்றிச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கப் போனவர்களிடம் எழுபதாயிரத்துக்குக் கொட்டேஷன் நீட்டுகிறார்கள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் நீட்டுகிறார்கள், அதுதான் எனக்குக் கோபம். எந்தப் பாகம் தடையாக இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து அதற்கு மட்டும் செலவு செய்தால் இந்தப் பெட்டிகளில் நிறைய இன்னும் சில வருஷம் நன்றாக ஓடும். இதைப் பெற்றோர்கள் படிக்கிற இடத்தில் சொல்ல வேண்டும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் அக்கா மகனின் கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்கிறேன். 2019-ல் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 2600 பிராசசர், பி450 போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, கேபினெட்டோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத ஒரு எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் இருக்கும் பாகங்களுக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை). அப்போது குறைந்த காசில் கேமிங் என்றால் ஏறக்குறைய இப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். அவன் இப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், பகலில் பிளெண்டர் என்கிற 3டி சாஃப்ட்வேரும் கோடிங்கும், ராத்திரி நண்பர்களோடு வேலரண்ட் என்கிற ஆன்லைன் கேம். அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள், சீட்டு எடுத்த பணத்தில் ரூ.20,000 இதற்கென்று ஒதுக்கினாள். ஊரில் ஒரு கடையில் காட்டியபோது சொன்னார்களாம்: விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது, பழைய செட்டை ரூ.5,000-க்கு எடுத்துக்கொள்கிறோம், புதுசுக்கு மீதியை இஎம்ஐ போட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10 பற்றிச் சொன்னது சரி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் ரைசன் 5 2600, விண்டோஸ் 11-க்குத் தகுதியான பிராசசர்கள் பட்டியலில் மைக்ரோசாஃப்டே வைத்திருக்கும் ஒன்று. ஏறாது என்று வந்ததற்குக் காரணம், போர்டின் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை செட்டிங் புரோகிராம்) டிபிஎம் வகையைச் சேர்ந்த எஃப்டிபிஎம் என்கிற பாதுகாப்பு வசதி ஆஃப் ஆகிக் கிடந்தது, ஹார்டு டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பார்ட்டிஷன் ஆகியிருந்தது. முதலாவதை பயாஸில் ஆன் செய்தால் போதும். இரண்டாவதை ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது, முக்கியமான ஃபைல்களை முன்கூட்டியே வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், முடிந்ததும் பயாஸில் பூட் முறையை லெகசியிலிருந்து யுஇஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 போட்டபின் வேலரண்ட் திறக்காமல் வான்9001 என்று எரர் காட்டுகிறது என்று நிறைய பிள்ளைகள் தவிக்கிறார்கள், அதற்கும் இதே டிபிஎம், பயாஸிலேயே இருக்கும் செக்யூர் பூட் என்ற இன்னொரு பாதுகாப்பு வசதி, இரண்டையும் ஆன் செய்வதுதான் வைத்தியம். ஒரு பைசா செலவில்லாத இந்த வேலையைச் சொல்லாமல் ரூ.70,000-க்குக் கணக்குப் போட்டால் அதை வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, தடை எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை வழக்கமாக விளையாடும் கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரையோ எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்கிற புரோகிராமையோ பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு 97, 98 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தால் கார்டு தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது, அதற்கு மேல் வேண்டுமென்றால் அதைத்தான் மாற்ற வேண்டும். கார்டு 50, 60 சதவீதத்தில் சும்மா இருக்கும்போதே எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) குறைகிறது என்றால் பிராசசரோ ராமோதான் இழுக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு, ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள், எஃப்பிஎஸ் ஏறவே இல்லை என்றால் கார்டை மாற்றிப் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. கேம் ஓடும்போது திடீர் திடீரென்று அரை நொடி நின்று நின்று போனால் ராம் நிரம்பி ஹார்டு டிஸ்க்கைத் தேடி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். என் அக்கா மகனுக்கு அதுதான் நடந்தது: வேலரண்ட், நண்பர்களோடு பேச டிஸ்கார்ட், குரோமில் நாலு டேப், 8 ஜிபி அங்கேயே முடிந்துவிட்டது.

காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவையும் சில உண்டு. வேலூர் பக்கம் வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, ஏசி இல்லாத அறையில் முன்பக்கம் கண்ணாடி அடைத்த கேபினெட்டுக்குள் வருஷக்கணக்காகத் துடைக்காத தூசியோடு ஒரு பிராசசர் எப்படி முழு வேகத்தில் ஓடும்? சூடு எல்லை தாண்டினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தூசி தட்டி, பிராசசரின் சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் சுரண்டி புதுசு தடவினாலே எழுந்து நிற்கும் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு கார்டு வேலை செய்யவில்லை என்று நினைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 3000 மெகாஹெர்ட்ஸ் என்று விலை கொடுத்து வாங்கிய ராம், பயாஸில் எக்ஸ்எம்பி என்கிற வேக செட்டிங்கை ஆன் செய்யாததால் 2133-லேயே ஓடிக்கொண்டிருப்பதும் சாதாரணம்.

அப்புறம்தான் செலவு. ராம் ஒரே குச்சியாக இருந்தால் பிராசசர் ஒரு வழியில் மட்டுமே அதோடு பேசும், இரண்டு குச்சியாகப் போட்டால் இரண்டு வழி திறக்கும், ரைசனில் இதன் பலன் கேமில் கண்ணுக்குத் தெரியும். இப்போது இருக்கிற பெரிய தலைவலி ராம் விலை. உலகத்தின் பெரும்பாலான ராம் சிப்பை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான் செய்கின்றன, ஏஐ டேட்டா சென்டர்களுக்கான சிப்பில் அவர்களுக்கு லாபம் அதிகம் என்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மைக்ரான் 2025 டிசம்பரில் நாம் கடையில் வாங்குகிற க்ரூஷியல் ராம் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. 2025 தொடக்கத்தில் இருந்த விலை அந்த வருஷக் கடைசியில் இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது, பழைய டிடிஆர்4-க்கும் சேர்த்துத்தான். அதனால் அக்கா மகனுக்கு அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி குச்சியை செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடித்தோம். ராம் சுலபத்தில் தேயும் பொருள் இல்லை, மெம்டெஸ்ட்86 என்கிற ராம் சோதனை புரோகிராமை ஓட்டி எரர் இல்லாமல் முடிந்தால் தைரியமாக வாங்கலாம். "பழைய செட்டை ஐயாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னார்களே, அந்தப் பெட்டிக்குள் இருந்த ராமும் போர்டும் பிராசசரும் கார்டும் தனித்தனியாக இன்று என்ன விலைக்குப் போகும் என்று கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி படிக்கும் இடத்தில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500-ஐத் தாண்டும், சின்னச் சின்ன ஃபைல்களில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. விண்டோஸையும் விளையாடும் இரண்டு மூன்று கேம்களையும் அதில் வைத்துவிட்டு, மற்றதெல்லாம் பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடக்கட்டும். இதை மட்டும் புதுசாக வாங்கினோம்.

இல்லை, இன்னொன்றும் புதுசுதான், எஸ்எம்பிஎஸ். பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கார்டை மாற்றும் ஆசையில் எல்லோரும் தாண்டிப் போகும் பாகம் இது. கேபினெட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும், ஆனால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்க 192 வாட், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாகச் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டில்தான். 1050 டிஐ கார்டுக்கு 75 வாட் போதும், தனி பவர் கேபிளே தேவையில்லாத மாடல்கள்தான் அதிகம், அதனால்தான் இத்தனை வருஷம் அந்த எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடித்தது. அதிலேயே 130 வாட் கார்டை மாட்டினால் விளையாட்டின் நடுவில் கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து வரும், மோசமாகப் போனால் போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கரண்ட் ஏறி இறங்குகிற நம் ஊரில் இது இன்னும் முக்கியம். 80 பிளஸ் பிரான்ஸ் என்கிற மின்சாரச் சிக்கன முத்திரை உள்ள நல்ல கம்பெனியின் 500, 550 வாட் எஸ்எம்பிஎஸ் இந்த மாதிரி செட்டுக்குத் தாராளம், மூன்று நான்கு வருஷம் கழித்து முழுசாகவே மாற்றினாலும் அது கூடவே வரும்.

கார்டுக்குப் போவோம். 1050 டிஐயை விற்ற பணத்தையும் மீதியோடு சேர்த்து ஆர்எக்ஸ் 6600 ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். இது 2021-ல் வந்தது, 8 ஜிபி மெமரி, 132 வாட். ஏன் இன்னும் மலிவாகக் கிடைக்கிற ஜிடிஎக்ஸ் 1060, 1070 பக்கம் போகவில்லை என்றால், என்விடியா 2025 அக்டோபரோடு அந்த 10 சீரிஸுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) தருவதை நிறுத்திவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் 2028 வரை வரும். ஒளி விழுவதை நிஜம்போலக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் திறக்கவே மறுக்கும் பெரிய கேம்களும் 2024 கடைசியிலிருந்து வர ஆரம்பித்துவிட்டன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதுசாகவே மலிவாக இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அது போர்டோடு நான்கு லேனில் (தகவல் போகும் பாதையில்) மட்டும் இணைகிற கார்டு, பிசிஐஇ 3.0 என்கிற மெதுவான இணைப்பு உள்ள பழைய போர்டுகளில் அதன் வேகம் நன்றாகவே அடிபடும், அதுவும் அதன் 4 ஜிபி மெமரி நிரம்பினால் கேட்கவே வேண்டாம். பழைய போர்டுக்காரர்கள் தொடவே கூடாத கார்டு அது.

செகண்ட் ஹேண்ட் என்றதும் எல்லோரும் பயப்படுவது மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கு வேலையில், ஓடிய கார்டுகளுக்கு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும் அதற்காக ராப்பகலாக ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன, இன்னும் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டைக் குப்பை என்று சொல்ல மாட்டேன், ஃபேனும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும், அதைக் கணக்கில் வைத்து விலை பேச வேண்டும். பயப்பட வேண்டியது போலிகளுக்கு. மிகப் பழைய கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பது, உள்ளே ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) குறைந்த 2048எஸ்பி ரகத்தை முழு ஆர்எக்ஸ் 580 என்று விற்பது, மானிட்டர் செருகும் இடமே இல்லாத பி106 மைனிங் கார்டை விவரம் தெரியாத பையன் தலையில் கட்டுவது, எல்லாம் நடக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் தெரிந்தவர் மூலம் வாங்கினாலும், விற்பவர் முன்னாலேயே கம்ப்யூட்டரில் மாட்டி கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் புரோகிராமைத் திறந்து பெயரும் மெமரியும் ஷேடர் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பாருங்கள், பிறகு கால் மணி நேரமாவது ஒரு கனமான கேமையோ ஃபர்மார்க் என்கிற கார்டு சோதனை புரோகிராமையோ ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தபின் பணம் கொடுங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்பவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பிராசசரை நாங்கள் தொடவில்லை, பணமும் இல்லை, அவசரமும் இல்லை. ஏஎம்4 (ரைசன் பிராசசர் உட்காரும் சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர்களுக்கு இருக்கிற பெரிய வசதி, 2018-ல் வந்த பி450 போர்டிலேயே பயாஸை மட்டும் அப்டேட் செய்துவிட்டு 2022-ல் வந்த ரைசன் 5 5600-ஐ உட்கார வைக்கலாம். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸ் அப்டேட்டை முடிக்க வேண்டும், யுபிஎஸ் இல்லாமல் அதை ஆரம்பிக்கவே கூடாது, நடுவில் கரண்ட் போனால் போர்டு போய்விடும். அடுத்த வருஷம் அவன் பகுதி நேர வேலையில் சேர்க்கும் பணத்தில் அது வரட்டும்.

எல்லாப் பழைய பெட்டிக்கும் இப்படிச் செலவு செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு பையனிடம் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, எச்81 போர்டு, டிடிஆர்3 ராம் இருக்கிறது, 2014 வாக்கில் வாங்கியது. அதற்கு விண்டோஸ் 11 முறையாகக் கிடையாது, அந்த போர்டு தாங்குகிற பெரிய பிராசசரே 2013, 2014 காலத்து ஐ7 வரைதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் வைத்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் இலவசமாக வரும், அதுவரை ஓடட்டும். இங்கே நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், இன்று வாங்கும் பாகம் அடுத்த பெட்டிக்கும் கூட வருமா? எஸ்எஸ்டி வரும், நல்ல எஸ்எம்பிஎஸ் வரும், கார்டு வரும். டிடிஆர்3 ராம் வராது, அந்த ஐ7 வராது. அதனால் அவனுக்கு எஸ்எஸ்டி மட்டும் போடச் சொன்னேன், மீதிப் பணத்தை அப்படியே வைத்திரு என்றேன். இன்டெல் ஆறு, ஏழாம் தலைமுறை போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எட்டாம், ஒன்பதாம் தலைமுறை பிராசசரும் அதே 1151 சாக்கெட் என்று எழுதியிருக்கும், ஆனால் அந்த போர்டுகளில் வேலை செய்யாது.

இன்னொரு வலையும் இருக்கிறது. "ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி" என்று மலிவு விலையில் விளம்பரம் வருகிறது. எத்தனையாவது தலைமுறை ஐ7 என்று எழுத மாட்டார்கள். 2022-ல் வந்த ஐ3-12100, பத்து வருஷத்துக்கு முந்தைய ஐ7-ஐ எளிதாகத் தாண்டிப் போகும். அந்த 4 ஜிபி கிராபிக்ஸும் பல நேரம் 2014-ல் வந்த ஜிடி 730-ஆகத்தான் இருக்கும், 4 ஜிபி என்பது மெமரியின் அளவு, அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. கம்பெனிகள் கழித்துவிட்ட பிராண்டட் டெஸ்க்டாப்பில் ஒரு கார்டைச் செருகி விற்பதும் உண்டு, அவற்றில் எஸ்எம்பிஎஸ் வேறு அளவு, வேறு கனெக்டர், பின்னால் எதையும் மாற்ற வழி இருக்காது. பிராசசரின் முழு மாடல் நம்பரையும் கார்டின் முழுப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

நேர்மையாகச் சோதித்துப் பார்த்து, "இதுக்கு ராம் மட்டும் போதும்மா, போங்க" என்று அனுப்பும் கடைக்காரர்களையும் எனக்குத் தெரியும், அவர்களுக்கு இந்தக் கடிதத்தால் வருத்தம் வேண்டாம். மற்றவர்களிடம் கேட்பது, கொட்டேஷன் போடும் முன் பெட்டியைத் திறங்கள், எது தடை என்று திரையில் காட்டுங்கள், பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதுங்கள். பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லலாம், இந்த எண்ணைப் பெற்றோர்கள் போனில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் புதிதாக வரும் போன்களுக்குக் கொடுக்கும் இடத்தில் மாதம் ஒரு முறையாவது, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை எப்படிச் சோதிப்பது, எதை மாற்றுவது, செகண்ட் ஹேண்டில் எதைப் பார்ப்பது என்று எழுதச் செய்யுங்கள். நம் ஊர்களில் இன்ஜினியரிங் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் குறைவில்லை, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கண் சிகிச்சை முகாம் நடத்துவது போல கம்ப்யூட்டர் சோதனை முகாம் நடத்தலாம், தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி, எது பழுது, எது நன்றாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினால் அந்தத் தாளோடு குடும்பங்கள் கடைக்குப் போகும். வேலூர், காட்பாடி பக்கம் எந்தக் கல்லூரியாவது இதற்கு முன்வந்தால் ஸ்க்ரூ டிரைவரோடும் தெர்மல் பேஸ்டோடும் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
காட்பாடி.